உச்சந்தலையில் இரண்டு கட்டிகள்

பிப்ரவரி 1

மாப்பிள்ளைக்கு,

ஒன்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் அது குற்றமாகிவிடும் என்பதால் எழுதுகிறேன். சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நமக்குள் இருப்பது அப்படியே இருக்கட்டும். இது என் தங்கையின் தலையைப் பற்றியது.

சென்ற செவ்வாய்க்கிழமை மின்கட்டண அலுவலகத்தில் மூன்றாவது ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். யாரென்று கவனிக்கவில்லை. மேலே சுற்றிய விசிறிக்காற்றில் கூந்தல் விலகியபோது, வகிட்டுக்கு இடப்புறம் உச்சியில் ஒரு கட்டி தெரிந்தது. பெரிய கோலிக்குண்டு அளவு. அதன்மேல் முடி கொட்டி, தோல் இழுபட்டு மினுமினுத்தது. ஓரம் சிவந்திருந்தது. சற்றுப் பின்னால் இன்னொன்று, பட்டாணி அளவில். எங்கள் அம்மாவுக்கும் அதே இடத்தில்தான் இருந்தது. அம்மாவை நினைத்த பிறகுதான் அந்தத் தோள்களை அடையாளம் தெரிந்தது. கூப்பிடுவதற்குள் அவள் திரும்பினாள், என்னைப் பார்த்தாள், பணம் கட்டாமலே வரிசையை விட்டுப் போய்விட்டாள்.

நீங்கள் மருந்துக்கடை வைத்திருப்பவர். இது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தெரியும் என்று நம்பி நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். ஊரில் கொழுப்புக்கட்டி என்பார்கள். உள்ளே இருப்பது கொழுப்பு இல்லை. தோலுக்கு அடியில் ஒரு பை உருவாகிவிடுகிறது. வெளியே உதிர வேண்டிய தோல் செதில்கள் போக வழியில்லாமல் அந்தப் பைக்குள்ளேயே சேர்ந்து மாவாகிக் குவிகின்றன. உடம்பில் வந்தால் பெரும்பாலும் முடிவேரின் வாய் அடைத்துக்கொண்டதாலோ அடிபட்டதாலோ வருவது. தலையில் வருவது அநேகமாக வம்சத்தில் வருவது. வலிக்காது, விரலால் தள்ளினால் தோலுக்கடியில் நகரும், வருடக்கணக்கில் மெதுவாக வளரும். அதுவரை பயமில்லை. சிவந்துவிட்டால் கதை வேறு. அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன்.

அதையும் நீங்கள் அழுத்திப் பார்த்தீர்களா? என் முதுகில் செய்தது போதாதா?

அறுவை மருத்துவரிடம் உடனே அழைத்துப் போங்கள். அழைத்துப் போனீர்களா என்று ஒரு வரி எழுதினால் போதும். போனில் பேசினால் நமக்குள் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும்.

மைத்துனன்


பிப்ரவரி 4, ஞாயிறு

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

இன்று கடை அரைநாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அழகாகத்தான் எழுதுகிறீர்கள். அன்றைக்கு மருந்து ஆய்வாளர்கூட உங்கள் புகாரைப் படித்துவிட்டு, "எழுதினவர் நல்லாப் படிச்சவர் போல"ன்னுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டி அரக்கு வைத்தார். நாற்பது நாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அழுத்தவில்லை. தொடவும் இல்லை. ஏன் என்றால் நான் எழுதிக்கொடுத்திருக்கிறேன். "எந்த மனிதரின் கட்டியையோ வீக்கத்தையோ புண்ணையோ தொடமாட்டேன், பார்த்து யோசனையும் சொல்லமாட்டேன்." அதன் நகல் பீரோவில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். இந்தத் தெருவில் என்னை டாக்டர் என்று கேலியாகக் கூப்பிடுவார்கள், ஞாபகம் இருக்கும். இப்போது முன்னாள் டாக்டர் என்கிறார்கள்.

உங்கள் தங்கச்சி போன தீபாவளிக்கு முன்பே, அதாவது ஏழெட்டு மாதம் முன்பே, என்னிடம் தலையைக் குனிந்து காட்டினாள். "பாருங்க, சின்னதா இருந்தது பெருசாயிருக்கு"ன்னாள். நான் அலமாரிப் பக்கம் திரும்பி இருமல் மருந்தை அடுக்க ஆரம்பித்தேன். எந்த மனிதரின் கட்டியையும் என்றுதானே எழுதியிருக்கிறேன். பொண்டாட்டி மனிதர் இல்லையா மச்சான்? அவள் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள். பிறகு கொண்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்குக் காட்டவே இல்லை.

போன மாதம் சீப்பின் பல் பட்டுக் கீறிவிட்டது. அன்றிலிருந்துதான் பெரியது கோபமாக இருக்கிறது. சின்னது சாதுவாக அப்படியே இருக்கிறது. அவளே வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

அழைத்துப் போகச் சொல்கிறீர்கள். அவள் என்ன மருந்துப் பெட்டியா, தூக்கிக்கொண்டு போக?

இப்படிக்கு
முன்னாள் டாக்டர்


பிப்ரவரி 7

மாப்பிள்ளைக்கு,

கேலி போதும். உங்கள் கேலியைக் கேட்டுச் சிரிக்கும் நிலையில் நான் என்றும் இருந்ததில்லை.

எழுதிக்கொடுத்தீர்கள் என்பதற்காக மனைவியின் தலையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பியவர் நீங்கள். அதற்கும் என்னைக் காரணமாக்கப் பார்க்கிறீர்கள். அந்த உறுதிமொழியை உங்களிடம் வாங்கியது அரசாங்கம். நான் நடந்ததை எழுதினேன். நீங்கள் என் முதுகை அழுத்தியதற்கு மறுநாள் நடந்ததையும் மறக்காமல் வைத்திருக்கிறேன், உங்களுக்குத்தான் தெரியாது. கல்லூரியில் துறைத்தலைவர் பதவிக்கான நேர்முகம். நீள மேசை, ஐந்து பேர். எனக்கு நன்றாகத் தெரிந்த பாடத்தில் கேள்வி. பதில் சொல்லத் தொடங்கியபோது முதுகில் சூடாக ஏதோ ஓடியது. நீங்கள் வைத்துக் கட்டிய பஞ்சு ஊறிவிட்டது. அந்தக் கட்டிக்கு ஒரு நாற்றம் உண்டு, கெட்டுப்போன பாலாடையில் அழுக்குக் காலுறையை ஊறவைத்தது போல. அறையில் எல்லோருக்கும் அது எட்டியது. ஓர் உறுப்பினர் மெல்ல எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மிக மரியாதையான மனிதர். அந்த மரியாதையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

போகட்டும். கீழே இருப்பதை அவளிடம் படித்துக் காட்டுங்கள். பயத்தினால்தான் போகாமல் இருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

அழுத்தினால் உள்ளிருக்கும் மாவு வரும், பை வராது. பை இருக்கிறவரை அது மறுபடி நிறையும். என்னுடையது அப்படித்தான் மூன்று முறை நிறைந்தது. கடைசியில் அறுவை மருத்துவர் எடுத்தார். மரத்துப்போக ஊசி போடும்போது எறும்பு கடித்தாற்போல் எரியும், வலி அவ்வளவுதான். பிறகு இழுப்பது தெரியும், வலிக்காது. அரைமணி நேரத்துக்குள் பையை முழுசாக உரித்தெடுத்து ஒரு கிண்ணத்தில் காட்டினார். உரித்த பூண்டுப்பல் மாதிரி வெள்ளையாக இருந்தது. நான்கு தையல். பேருந்தில் வீட்டுக்கு வந்தேன். தலையில் இருக்கும் பை இன்னும் கெட்டியானது, சுலபமாகக் கழன்று வரும் என்றார்.

ஆனால் சீழ் பிடித்திருக்கும்போது பையை எடுக்க மாட்டார்கள். முதலில் கீறிச் சீழை வெளியேற்றி, மருந்து கொடுத்து, ஆறவிட்டு, சில வாரம் கழித்துத்தான் எடுப்பார்கள். தாமதித்தால் ஒரு முறை செய்ய வேண்டியதை இரண்டு முறை செய்ய வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சீழ் பக்கத்தில் பரவும், இரத்தத்திலும் கலக்கும். திடீரென்று வேகமாக வளர்ந்ததைச் சோதனைக்கூடத்துக்கும் அனுப்பிப் பார்க்க வேண்டும். நூற்றில் ஒன்றுகூடப் புற்றாக இருக்காது, ஆனாலும் பார்க்க வேண்டும்.

மைத்துனன்


பிப்ரவரி 10

மச்சான் அவர்களுக்கு,

படித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பூண்டுப்பல் இடத்தில் கத்தி ஒரு நிமிடம் நின்றது, பிறகு ஓடியது. முழுவதும் கேட்டாள். முடிந்ததும் யார் எழுதியது என்று கேட்டாள், தெரியாதவள் மாதிரி. சொன்னேன்.

அவளுக்குப் பயம் இல்லை மச்சான். நீங்கள் நினைத்தது தப்பு. ஊசிக்குப் பயப்படுகிற ஆள் நான்தான், அவள் இல்லை. இரண்டு வேளையும் இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"நான் இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா அண்ணன் சொல்லித்தான் போனேன்னு ஆகும். உங்களை நம்பி இருந்து தலை அழுகிப்போச்சு, அண்ணன்தான் காப்பாத்தினாருன்னு ஆகும். ஒன்பது வருஷமா சொந்தக்காரங்க எல்லாரும் அதைத்தானே பேசறாங்க. அன்னைக்குக் கடையில நடந்ததை அண்ணன் தன் கையால எழுதட்டும். நான் உள்ள நின்னு கேட்டது எல்லாம் அதுல இருக்கணும். வந்த அன்னைக்கே போறேன்."

நான் சொன்னேன், அடியே, இது உன் தலை, என் மானம் இல்லை என்று. அதற்கு அவள், "ரெண்டும் ஒரே வீட்டுலதானே இருக்கு" என்றாள்.

இதை நான் எனக்காகக் கேட்கவில்லை மச்சான். எனக்கு அந்தப் பழைய கதை வேண்டவே வேண்டாம். கடையை மறுபடி திறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, வியாபாரம் நடக்கிறது. ஆனால் அவளுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். சர்க்கரை ஏறியிருக்கிறது. தலையணையில் அந்தப் பக்கம் தலை வைக்க முடியவில்லை. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்கிறாள். நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறாள். பார்க்கிறேன். பார்க்கக்கூடாது என்று எழுதிக்கொடுத்ததால் திருட்டுத்தனமாகப் பார்க்கிறேன்.

எது வேண்டுமானாலும் எழுதுங்கள். நிஜமோ பொய்யோ, அவள் ஒப்புக்கொள்கிற மாதிரி ஏதாவது எழுதி அனுப்புங்கள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 12

மாப்பிள்ளைக்கு,

மிரட்டல்களுக்கு நான் பணிவதில்லை. சிறுவயதில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். அதே பிடிவாதம். அப்போதும் வீட்டில் எல்லோரும் அவளுக்கு இறங்கி வந்தார்கள், நான் மட்டும் வந்ததில்லை.

அன்று நடந்தது எழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வாளர் அலுவலகத்துக் கோப்பில் இருக்கிறது. தகுதி இல்லாத ஒருவர் ஒரு மனிதனின் முதுகில் ஊசியைச் செருகி அழுத்தினார். இதில் எந்தச் சொல் பொய்? அந்த மனிதன் என்ன சொன்னான், எந்தத் தொனியில் சொன்னான் என்பதெல்லாம் சட்டத்துக்கு வேண்டாத விவரங்கள். நோயாளி கேட்டார் என்பதற்காகத் தெரியாத வேலையைச் செய்யலாமா?

நான் எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். கடிதத்தைக் காட்ட வேண்டாம். போய் வந்த பிறகு கோபித்துக்கொள்ளட்டும்.

இதற்குமேல் இந்த விஷயத்தில் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.


பிப்ரவரி 15, வியாழன்

மச்சான்,

பொய் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அது வராது, உங்களுக்குத் தெரியும். "எங்கே, காட்டுங்க"ன்னு கையை நீட்டினாள். அவ்வளவுதான்.

இன்று காலை அது தானாக உடைந்துவிட்டது. தலையணை உறை முழுக்க. நீங்கள் எழுதிய நாற்றம் இந்த வீட்டிலும் வந்தது. அவள் எழுந்து போய்க் குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டு தானே கழுவினாள். தண்ணீர் விழுகிற சத்தம், நடுவில் பல்லைக் கடிக்கிற சத்தம். ஸ்பிரிட், பஞ்சு, கையுறை என்று ஊருக்கெல்லாம் விற்கிறவன் நான். அதையெல்லாம் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். "கதவைத் திற, நான் செய்யறேன்"னு சொன்னேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அவள் உள்ளேயிருந்து, "வேணாம். அப்புறம் அதுக்கும் ஒரு புகார் வரும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பக் களைப்பாகச் சொன்னாள்.

தெருமுனை டாக்டரம்மாவைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். அவருக்கு மட்டும் காட்டினாள். வெளியே வந்து அந்தம்மா என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. உடைந்தது போதாதாம், உள்ளே இன்னும் அறை அறையாகச் சீழ் இருக்கிறதாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர் இருப்பார், அன்றைக்கே கீறி விடவேண்டும், ஒரு துண்டு சோதனைக்கும் போகவேண்டும் என்றார். அதுவரைக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதற்குள் குளிர் நடுக்கம் வந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னார்.

சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை போகலாமா என்றேன். "சனிக்கிழமை காலைத் தபால்ல வந்தா போகலாம்" என்றாள்.

உங்களைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். திட்ட வார்த்தை வரவில்லை. அன்று நான் ஊசியைக் கையில் எடுக்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் இல்லை. பத்துப் பேர் முன்னால் நீங்கள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது, எடுத்துவிட்டேன். என் தப்பு அவ்வளவுதான் மச்சான், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லத் தயார்.


பிப்ரவரி 16, வெள்ளி

மாப்பிள்ளைக்கு,

இன்று மதியம் கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டு உங்கள் தெரு வரைக்கும் வந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பெஞ்சில் நீங்கள் ஒரு கையில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே வரவில்லை. திரும்பித் தபால் நிலையத்துக்கு வந்து, ஒட்டுப்பசை காய்ந்துபோன அவர்கள் மேசையில் நின்றபடி இதை எழுதுகிறேன். இதை அவளிடம் இடையில் நிறுத்தாமல் படியுங்கள். உங்களைப் பற்றி வரும் இடத்திலும் நிறுத்த வேண்டாம்.

தங்கச்சி,

என் முதுகில் இருந்த கட்டிக்கு அப்போது ஆறு வயது. நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. நான் அதைச் சும்மா விட்டதில்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொண்டை ஊசியால் குத்தி அழுத்துவேன். வருவதை விரலில் எடுத்து முகர்ந்தும் பார்ப்பேன். ஏன் என்று தெரியாது. ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறவன், யாரும் பார்க்காதபோது இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நேர்முகத்துக்கு ஒரு வாரம் முன்பு அப்படி அழுத்தியதில் பை உள்ளேயே கிழிந்துவிட்டது. அதை வீங்க வைத்தவன் நான். அவர் இல்லை.

முந்தின நாள் நான்கு மணிக்கு உங்கள் கடைக்கு வந்தேன். அவர் பார்த்தார். "மச்சான், இது கோபத்துல இருக்கு. இதை யாரும் தொடக்கூடாது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். சரியாகச் சொன்னார். இதைவிடச் சரியாக எந்த மருத்துவரும் சொல்லியிருக்க முடியாது. எனக்கோ மறுநாள் கோட்டுப் போட்டு நாற்காலியில் சாய வேண்டும். கடையில் ஆட்கள் இருந்தார்கள். நான் சொன்னேன்: "கம்பவுண்டர் படிப்பைப் பாதியில விட்டவனுக்கு இதுக்குமேல என்ன தெரியும்? பல்பொடி விக்கத்தான் லாயக்கு." ஒருவர் சிரித்தார். சட்டையைக் கழற்றி ஸ்டூலில் உட்கார்ந்து, "அழுத்துடா" என்றேன். தங்கையின் கணவரை டா என்றேன். நீ மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்து, "வேணாம்ணா" என்று மூன்று முறை சொன்னாய். "நீ உள்ள போ" என்றேன். அவர் ஊசியை எடுத்தார்.

புகாரில், "நான் தடுத்தும் கேளாமல்" என்று எழுதினேன். அந்த மூன்று சொற்கள் பொய். தடுத்தவர்கள் நீங்கள் இருவரும்தான். அந்தச் சொற்களை எழுதும்போதே பொய் என்று தெரியும். மூன்று முறை நகலெடுத்தேன், மூன்று முறையும் அவற்றை எடுக்கவில்லை.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. நேர்முகத்தின் மதிப்பெண் பட்டியலை ஒரு வருடம் கழித்துப் பார்த்தேன். எனக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள். ஜன்னலைத் திறந்தவர்தான் எனக்கு அதிக மதிப்பெண் கொடுத்திருந்தார். நாற்றம் அடிக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பதவி எனக்கு வந்திருக்காது. இது தெரிந்து எட்டு வருடம் ஆகிறது. தெரிந்த பிறகும் உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. உங்களைக் குற்றம் சொல்லாவிட்டால், நான் வெறுமனே மூன்றாவதாக வந்தவன் ஆகிவிடுவேன்.

உன் கணவரை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், அப்போதுதான் மற்றதை நம்புவாய்.

நீ கேட்டது எல்லாம் இதில் இருக்கிறது. விட்டுப்போனது ஏதாவது இருந்தால் ஊசி போட்டு மரத்துப்போன பிறகு நினைத்துப்பார், பிறகு கேள்.

கீழே பெயர் எழுதப் பேனாவை மூன்று முறை வைத்தேன். பொய்ப் புகார் கொடுத்தவன் என்று என் பெயரோடு ஒரு காகிதம் இருந்தால், அது என்றைக்காவது கல்லூரிக்குப் போகும், விசாரணை வரும். ஓய்வுபெற இரண்டு வருடம் நான்கு மாதம் இருக்கிறது. பயமாக இருக்கிறது. பயம் என்றே வைத்துக்கொள், அதற்கு நல்ல பெயர் எதுவும் தேட வேண்டாம். இது போதாது என்று நீ சொல்லலாம். போதாதுதான். ஆனால் எனக்குத் துணிச்சல் வரும்வரை காத்திருக்க உன் தலைக்கு நேரம் இல்லை.

ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறப்பார்கள். நாளைக் காலை முதல் தபாலில் வந்துவிடும் என்று ஜன்னலில் இருப்பவர் உறுதியாகச் சொல்கிறார். கையெழுத்துப் போடாமலே இதைப் பெட்டியில் போடுகிறேன்.